முதுகைப் பார்ப்பவரும் முத்திரையைப் பார்ப்பவரும்

பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றைக் கையில் எடுத்ததும் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்தால் போதும், எதற்காக வாங்க வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். சேகரிப்பவரின் கண் முதலில் பிடிக்குப் போகும். தந்தமா, ஆமையோடா, கொம்பா, செல்லுலாய்டா? அடுத்து, அலகும் பிடியும் சேருமிடத்தில் காம்பின்மேல் அடித்திருக்கும் முத்திரைக்குப் போகும். அதன்பின் அலகின் முகத்தில் அமிலத்தால் பொறித்த படத்துக்கும் எழுத்துக்கும். நாளைக் காலையில் அதே கத்தியால் முகம் மழிக்கப்போகிறவர் பிடியைப் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார். கத்தியைப் பாதி திறந்து வெளிச்சத்துக்கு நேராக நீட்டி முதுகைப் பார்ப்பார். பிறகு வாயைப் பார்ப்பார்.

ஒரே பொருளில் இரண்டு மதிப்புகள் இரண்டு இடங்களில் குடியிருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தின்கிறது என்பதுதான் சிக்கல். தீட்டினால்தான் கத்தி மழிக்கும். தீட்டத் தீட்ட அது தேயும். தேய்ந்த கத்தியைச் சேகரிப்பவர் விரும்பமாட்டார். அதனால் சேகரிப்புச் சந்தையில் உச்ச விலைக்குப் போகும் கத்திகளில் பல, மழிப்பதற்கென்று செய்யப்பட்டும் மழிக்காமல் பெட்டிக்குள்ளேயே தப்பியவை. சந்தை கண்ணுக்குத் தெரிவதை எடைபோட நன்றாகப் பழகிக்கொண்டுவிட்டது. ஒரு கத்தியைக் கத்தியாக்குகிற வேலை, அதாவது உருக்கும் அதற்கு ஏற்றிய பதமும் சாணைக்காரரின் கைத்திறனும், கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் விலையில் அது ஏறுவதும் அரிது. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் பழைய கத்திகளைத் தொடுகிறவர்கள் இரண்டு மதிப்பையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

முதுகிலிருந்து தொடங்குவோம். சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பது தீட்டுகிறவரின் கைப்பழக்கம். சவரக்கத்தியில் அந்தக் கவலை கிடையாது. கல்லின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும். முதுகின் தடிமனே கோணத்தை முடிவுசெய்துவிடும். அலகின் அகலம் 17 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வாயின் இரண்டு சரிவுகளும் கூடுகிற கோணம் ஏறக்குறைய 17 பாகை வரும். நல்ல கத்திகள் பெரும்பாலும் இதையொட்டிய கோணத்திலேயே செய்யப்பட்டிருக்கின்றன. வாயோடு முதுகும் சேர்ந்து தேய்வதால், முறையாகத் தீட்டினால் பல்லாண்டுகளானாலும் இந்தக் கோணம் அதிகம் மாறாது. கருவிக்குள்ளேயே அதன் அளவுகோலையும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

முறை தவறினால் இந்தக் கணக்கு குலையும். விரலை முதுகின்மேல் அழுத்தி முரட்டுக் கல்லில் தேய்த்தவர் கையில் 5 மில்லிமீட்டர் முதுகு 4 மில்லிமீட்டராகிவிட்டால், கோணம் பதின்மூன்றரைப் பாகைக்கு இறங்கும். வாய் மெலிந்து பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். மாறாக, வாயில் விழுந்த பெரிய பொளிவை நீக்குவதற்காக அலகைக் குத்தாகப் பிடித்து 3 மில்லிமீட்டர் தேய்த்துத் தள்ளியிருந்தால், அதே முதுகோடு கோணம் 20 பாகையைத் தாண்டும். அந்தக் கத்தி முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும்.

தேய்ந்த கதையை முதுகே சொல்லும். என்னிடம் உள்ள ஜெர்மன் கத்தி ஒன்றின் முத்திரை பாதி அழிந்துவிட்டது. பிடி சாதாரணக் கறுப்பு. எந்தச் சேகரிப்பிலும் அதற்கு இடமில்லை. ஆனால் முதுகின் இருபுறமும், கல் பட்ட இடத்தில், குதிப்பக்கம் முதல் நுனிவரை ஒரே அகலத்தில் ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறது. இரண்டு பக்கத்துப் பட்டையும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருக்கின்றன. அதைத் தீட்டியவர் யாரோ, அலகு கோணாமல், அவசரப்படாமல், இரு பக்கமும் சமமாகத் தீட்டியிருக்கிறார். பட்டை நுனியில் மட்டும் விரிந்திருந்தால் கைகோணல் என்று பொருள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், பதமிடும்போதே அலகு முறுக்கிக்கொண்டிருக்கலாம். பயன்பாட்டுக்கு வாங்குகிறவருக்கு இந்தப் பட்டையைவிட நம்பகமான சாட்சி வேறில்லை. ஒரு கத்தி பலகாலம் ஒழுங்காகத் தீட்டப்பட்டிருக்கிறது என்றால், அது தீட்டத் தகுந்த கத்தியாக இருந்தது என்றும் பொருள். பெட்டியைவிட்டு வெளியே வராத கத்திக்கு இந்தச் சான்று கிடையாது.

வாயைப் பொறுத்தவரை பார்க்கவேண்டியவை குறைவு. மேல்பூச்சாக உள்ள துரு பொருட்டில்லை. வாயோரத்தில் ஊசி குத்தியதுபோன்ற துருக்குழிகள் இருந்தால்தான் ஆபத்து. தீட்டிக்கொண்டே போகும்போது அந்தக் குழி வாய்க்கு வந்து சேரும். அன்று அங்கே ஒரு பொளிவு விழும். மயிரிழை விரிசல் இருந்தால் அதோடு முடிந்தது, அந்தக் கத்தியைச் சருமத்தில் வைக்கவே கூடாது. சேகரிப்பவருக்கோ, பொறிப்பும் பிடியும் நன்றாக இருந்தால், விரிசல் விட்ட கத்தியும் கண்ணாடிப் பேழைக்குள் அழகாகவே இருக்கும்.

அலகின் குறுக்குவெட்டு காலத்தோடு மாறியது. 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகள் ஆப்புப்போலத் தடித்தவை. காம்புக்குப் பின்னால் வால் இருக்காது, இருந்தாலும் குட்டையாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் வால் நீண்டு சுண்டுவிரலுக்கு இடம் கொடுத்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறிய விட்டமுள்ள சாணைச் சக்கரங்களின் உதவியால் அலகின் இரு கன்னங்களையும் உட்குழித்துக் கடையும் முறை பரவியது. ஜெர்மனியின் சோலிங்கன் சாணைக்காரர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். முழுக்குழிவாகக் கடைந்த கத்தியால் மழிக்கும்போது கன்னத்தில் அது மெல்லப் பாடும். நாள் முழுக்க வேலைசெய்கிற முடிதிருத்துபவருக்கு இது பெரிய வசதி: தேய்க்கவேண்டிய உலோகம் குறைவு, கூர் சீக்கிரம் ஏறும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த அகன்ற, கனத்த ஆப்புக் கத்திகளுக்கு வேறொரு குணம். அகலத்தை அங்குலத்தின் எட்டுப் பங்குகளாகக் கணக்கிடுவது வழக்கம். எட்டுக்கு ஐந்து, எட்டுக்கு ஆறு என்பவை சராசரி. முழு அங்குல அகலமுள்ள வேட் அண்ட் புட்சர் என்ற ஷெஃபீல்டு நிறுவனத்தின் பழைய கத்தி ஒன்று, தன் கனத்தாலேயே அடர்ந்த தாடியை வெட்டிக்கொண்டு போகும். சேகரிப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே கத்திக்குப் போட்டிபோடுகிற சில இடங்களில் இது ஒன்று. சுவீடனின் எஸ்கில்ஸ்டுனாவில் ஹெல்யஸ்ட்ராண்ட் செய்த கத்திகள் இன்னொன்று. அவற்றில் அலங்காரம் என்று சொல்ல ஏதுமில்லை. உருக்கின் பெயராலேயே விலை ஏறியவை.

உருக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். மனித முடி உருக்கைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அது எப்படிக் கூரை மழுக்குகிறது? 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இக்காலத்துப் பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டவைத்துப் பார்த்து, ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விடை தந்தார்கள். வாய் மெல்லத் தேய்ந்து உருண்டுபோவது மட்டும் காரணமில்லை. நுண்ணிய சில்லுகளாகப் பெயர்கிறது. முடி சாய்ந்து வந்து படும்போது, உருக்கின் உள்ளமைப்பு ஓரிடத்தில் கடினமாகவும் பக்கத்தில் மென்மையாகவும் இருந்தால், சில்லு அங்கே பெயர்கிறது. உருக்கு எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவு நாள் கூர் நிற்கும்.

இந்தச் சீர்மைக்காகத்தான் 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஷெஃபீல்டுக்கு அருகில் மூசை உருக்கை உருவாக்கினார். அவர் கடிகாரத் தொழில் செய்தவர்; கடிகாரச் சுருள்வில்லுக்கு நம்பகமான உருக்கு கிடைக்காமல் அவதிப்பட்டவர். அதுவரை இரும்புப் பட்டைகளைக் கரியோடு நாள்கணக்கில் சூடாக்கி, மேல்தோலில் மிகுந்தும் உள்ளே குறைந்தும் கரியை ஏற்றிவந்தார்கள். ஹண்ட்ஸ்மன் அந்தப் பட்டைகளை மூசையிலிட்டு முழுதாக உருக்கினார். உள்ளும் புறமும் ஒன்றுபோல ஆயிற்று. உள்ளூர்க் கத்தித் தொழிலாளர்கள் முதலில் இந்த உருக்கு மிகவும் கடினம் என்று ஒதுக்கினார்கள் என்றும், பிரெஞ்சுக்காரர்கள் வாங்கத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். பழைய ஷெஃபீல்டுக் கத்திகளின் காம்பில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று அடித்திருப்பது இந்த மாற்றத்தின் சுவடு.

மூசையில் உருக்கு செய்வது தென்னிந்தியாவுக்கு அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைய வேலை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் ஆராய்ந்த உடைந்த மூசைகள் அதற்குச் சான்று. அந்த மரபின் உருக்குக் கட்டிகள் சில, 1790-களில் பம்பாயிலிருந்து ஹெலெனஸ் ஸ்காட் என்ற மருத்துவரால் லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பப்பட்டன. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றைச் சோதித்து எழுதினார். அந்தக் கட்டியைக் கையில் எடுத்து அடித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்து விற்ற லண்டன்காரர். ஐரோப்பாவின் சிறந்த உருக்குகளைவிட இந்த இந்திய உருக்கையே தாம் மேலானதாகக் கருதுவதாகத் தம் கடைச் சீட்டில் அச்சடித்து வைத்தார். பிறகு மைக்கேல் ஃபாரடேவுடன் சேர்ந்து அந்த உருக்கின் ரகசியத்தைத் தேடிப் புறப்பட்டவரும் அவரே. 1820-லும் 1822-லும் இருவரும் தங்கள் கலப்பு உருக்குச் சோதனைகளை வெளியிட்டார்கள். வெள்ளி, ரோடியம், பிளாட்டினம் என்று ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். உருக்கில் ஐந்நூற்றில் ஒரு பங்கு அளவு வெள்ளிதான் அதோடு ஒன்றியது. அதற்கு மேல் போட்டால் தனியே வழிந்துவிட்டது. ரோடியம் கலந்த உருக்கில் சவரக்கத்திகள் செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

அதோடு ஒரு முத்திரை பிறந்தது. ‘சில்வர் ஸ்டீல்’ என்ற சொல் ஷெஃபீல்டுக் கத்திகளின் காம்புகளிலும் முகங்களிலும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அடிக்கப்பட்டது. நாளடைவில் அது வெள்ளியைக் குறிக்காமல் வெறும் தரப்பெயராகத் தேய்ந்தது. இன்று அந்தப் பெயரில் விற்கும் உருக்கில் வெள்ளி கிடையாது. இருந்தும் சேகரிப்பவர் அந்த முத்திரைக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார். அது தவறென்று நான் நினைக்கவில்லை. ஃபாரடேயின் பரிசோதனைக்கூடத்திலிருந்து முகச்சவரம்வரை நீண்ட ஒரு கதையின் அச்சு அது. அந்தக் கதைக்கு மதிப்புண்டு. ஆனால் அதைப் பார்த்து, இந்தக் கத்தி நன்றாக மழிக்கும் என்று முடிவுகட்டினால் ஏமாற நேரும். உருக்கில் என்ன கலந்தது என்பதைவிட, எந்தச் சூட்டில் தோய்த்து எந்தச் சூட்டில் இளக்கினார்கள் என்பதே கூரைத் தீர்மானிக்கிறது. அந்த வேலையைச் செய்தவரின் பெயரைக் காம்பில் எங்கும் காணமுடியாது.

தமிழ்நாட்டுக்கும் ஷெஃபீல்டுக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைபார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத்தாதை நம்பி 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். ஆலை நொடித்தது. இங்கிலாந்து திரும்பிய அவர், மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு எடுக்க அது வழிசெய்தது. ஷெஃபீல்டு உருக்கின் விலை இறங்கியது. ஆலைக்காரர்கள் முறையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு, அவருக்கு உரிமைத்தொகை தர மறுத்தார்கள். வழக்கு நீண்டுகொண்டே போனது. ஹீத்துக்கு ஒரு பயனும் கிட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி ஷெஃபீல்டுக் கத்தி எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த மனிதரின் நினைவு வருகிறது. அவர் பெயருக்கும் காம்பில் இடமில்லை.

முத்திரையைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காம்பு ஒரு சிறிய ஆவணம். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் சேர்ந்த குறி 1682-இல் வழங்கப்பட்டது. ஹென்கல்ஸ் நிறுவனத்தின் இரட்டையர் குறி 1731-இல் சோலிங்கனில் பதிவானது. இவை நீண்டகாலம் மாறாமல் நின்றதால் இவற்றை வைத்து மட்டும் காலம் சொல்லமுடியாது. கிரீடத்தின் இருபுறமும் உள்ள எழுத்து உதவும்: நான்காம் வில்லியமுக்குரிய எழுத்துகள் இருந்தால் 1830-க்கும் 1837-க்கும் இடையில், விக்டோரியாவுக்குரியவை இருந்தால் 1837-லிருந்து 1901-க்குள்.

எல்லாவற்றையும்விட உறுதியான தடயம் சுங்கச் சட்டங்களிலிருந்து கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மன் பொருள்களில் ஷெஃபீல்டு பெயரை அடித்து விற்கிறார்கள் என்று ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றியது. 1890-இல் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று சொன்னது; 1891 மார்ச்சிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆக, ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்து நாட்டின் பெயர் இல்லாத கத்தி, அமெரிக்காவுக்குப் போனதென்றால், பெரும்பாலும் அதற்கு முந்தியது. 1938-இல் ஜெர்மனியில் ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. போட்டியாளரைத் தடுக்கப் போட்ட சட்டங்கள் இன்று சேகரிப்பவருக்கு நாள்காட்டியாக உதவுகின்றன. பளபளப்பாக்கும் சக்கரத்தில் கத்தியைக் கொடுத்துத் துருவோடு முத்திரையையும் வழித்துவிடுகிறவர்கள், இந்த நாள்காட்டியைத்தான் கிழித்துப்போடுகிறார்கள். கண்ணாடிபோல மின்னும் பழைய கத்தியைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அந்தச் சக்கரத்தின் சூடு வாயில் ஏறியிருந்தால் பதமும் போயிருக்கும். அப்புறம் அதில் சரித்திரமும் இல்லை, சவரமும் இல்லை.

இனிப் பிடிக்கு வருவோம். சேகரிப்பின் விலையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ராய் ரிட்சியும் ரான் ஸ்டூவர்ட்டும் எழுதிய விலை வழிகாட்டி ஒரு கணக்குமுறையையே வகுத்துத் தந்தது: செய்தவர் பெயருக்கு ஓர் அடிப்படை மதிப்பு, பிடியின் பொருளுக்கு ஒன்று, பிடியில் உள்ள வேலைப்பாட்டுக்கு ஒன்று, பொருளின் நிலைக்கு ஒன்று. அந்த நான்கில் கத்தி எப்படி மழிக்கும் என்பதற்குத் தனி இடமில்லை. சேகரிப்பவரின் நோக்கில் இது நியாயமான கணக்கு. ஒரு பொருள் எவ்வளவு அரிது, எவ்வளவு முழுமையாக மிஞ்சியிருக்கிறது என்பதே அவர் கேள்வி. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு கத்திகள் கொண்ட பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முதுகிலும் ஒரு கிழமையின் பெயர் இருக்கும். ஒருநாள் பயன்படுத்திய வாய்க்கு ஆறு நாள் ஓய்வு நல்லது என்ற நம்பிக்கையில் பிறந்தவை. ஏழும் பெட்டியோடு கிடைத்தால் விலை எங்கோ போகும். புதன்கிழமைக் கத்தி மட்டும் தனியே வந்தால், அது வெறும் நல்ல கத்தி.

தந்தப் பிடிக்கு விலை இருந்ததைப்போலவே இன்று தடையும் இருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991 திருத்தங்களும் தந்த வணிகத்தை அடியோடு நிறுத்தின. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-இல் நிறைவேறி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்திய பொருளில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தந்தம் இருந்தால் பதிவுசெய்து விற்கலாம் என்று அது விலக்கு தருகிறது. ஆனால் சவரக்கத்தியில் இரண்டு பிடிப்பட்டைகளும் தந்தமென்றால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஒரு காலத்தில் சேகரிப்பின் உச்சமாக இருந்தவை இன்று பெரும்பாலும் விற்கமுடியாத பொருள்கள். யானைகளை நினைத்தால் இதில் எனக்கு வருத்தமில்லை.

தந்தத்துக்கு மாற்றாகத்தான் செல்லுலாய்டு வந்தது. 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட், பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுப்பொருள் தேடிப் போய் அதைக் கண்டார். நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த கலவை. எந்த நிறத்திலும் எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆமையோடுபோல, கொம்புபோல, தந்தத்தின் ரேகைபோலக்கூடச் செய்தார்கள். போலியை அடையாளம் காண்பது கடினமில்லை: அசல் தந்தத்தின் முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் தெரியும், செல்லுலாய்டில் கோடுகள் இணையாக, அளவெடுத்தாற்போல ஓடும்.

செல்லுலாய்டின் தீமை அதன் அழகுக்குள்ளேயே இருக்கிறது. காலம் போகப்போக அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடுகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகின்றன. மடக்கி வைத்த கத்தியில் அலகு இரண்டு பிடிப்பட்டைகளுக்கு நடுவே, அந்த வாயுவுக்குள்ளேயே உறங்குகிறது. அறிகுறியைப் பார்க்கத் தெரியவேண்டும்: தேன்நிறத்தில் ஒளிபுகும் பிடியில் குடையாணியைச் சுற்றிக் கலங்கல் தோன்றும், பிறகு பொடிவிரிசல் கட்டம்கட்டமாக ஓடும், கற்பூரத்தோடு புளித்த வாடை வரும். அலகைத் திறந்தால், பிடிக்குள் மறைந்திருந்த பகுதி மட்டும் சிவந்து அரித்திருக்கும்; வெளியே இருந்த காம்பு புதிதுபோல இருக்கும். ஒரே பேழையில் உள்ள பக்கத்துக் கத்திகளையும் இது தொற்றும். துத்தநாக ஆக்சைடு சேர்த்த வெள்ளைப் பிடிகள் ஓரளவு தாங்குகின்றன. ஆமையோட்டைப் போலச் செய்த ஒளிபுகும் பிடிகளே முதலில் விழுகின்றன. சேகரிப்பவர் எதற்காக அந்தக் கத்தியை வாங்கினாரோ அந்தப் பிடியே கத்தியைத் தின்றுவிடுகிறது. காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைத்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். இந்தப் பிடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு வேறு பிடி போடுவதே அலகைக் காப்பாற்றும் வழி. ஆனால் அசல் பிடி போனதும் சேகரிப்பு மதிப்பு சரிகிறது.

எது மிஞ்சுகிறது என்பதிலும் ஒரு கோணல் இருக்கிறது. 1904-இல் கிங் ஜில்லெட் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசரை, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 35 லட்சம் அளவுக்கு வாங்கி வீரர்களுக்குக் கொடுத்தது. வீடு திரும்பியவர்கள் தந்தையின் மடக்குக்கத்தியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். மேற்கில் இன்று கிடைப்பவற்றில் பல அப்படி ஓய்வுபெற்றவை. தொழிற்கருவியாக இருந்த கத்திகளுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை. நம்மூரில் முடிதிருத்துபவரின் அடைப்பத்தில் இருந்த கத்தியும் தோல்வாரும், பிறகு சலூன் சுவரில் தொங்கிய தோல்வாரும், ஒவ்வொரு முகத்துக்கும் உழைத்தன. அலகு பாதி அகலமாகும்வரை தீட்டினார்கள். 1990-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவியபோது, ஆளுக்கொரு புதுப் பிளேடு செருகும் கத்தி அந்த இடத்துக்கு வந்தது. அது தேவையான, சரியான மாற்றம். தேய்ந்துபோன பழைய கத்திகளை எவரும் சேகரிக்கவில்லை. அதனால் அருங்காட்சியகங்களில் கனவான்களின் கத்திகள் நிறைய இருக்கின்றன. தொழிலாளியின் கத்தி அபூர்வமாகவே இருக்கிறது. உண்மையில் அதிகம் மழித்தவை அவைதான்.

செய்தவர்களும் இதேபோல மறைந்தார்கள். ஷெஃபீல்டுச் சாணைக்காரர்கள் சக்கரத்தின் பின்னால் குந்தி, குனிந்து, கல்தூளையும் உருக்குத்தூளையும் சுவாசித்தார்கள். கால்வர்ட் ஹாலண்ட் என்ற மருத்துவர் 1840-களிலேயே அவர்களின் நுரையீரல் நோயைப் பற்றி எழுதினார். சோலிங்கனில் ஊப்பர் ஆற்றங்கரைச் சாணைக்குடில்களில் குடும்பம் குடும்பமாக வேலைசெய்தார்கள். அப்படிப்பட்ட குடில்களில் சில இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றன. இந்த வகையில் கென் ஹாலி செய்த சேகரிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஷெஃபீல்டில் 1927-இல் பிறந்த அவர், பளபளக்கும் முடிந்த பொருளோடு நிற்காமல், பாதி செய்த கருவிகள், கருவி செய்யும் கருவிகள், பட்டியல்கள் என்று, மூடப்பட்ட பட்டறைகளிலிருந்து அள்ளிவந்தார். அவை இப்போது ஷெஃபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அச்சில் அடித்தெடுத்த முரட்டு வடிவமும், பதமிட்ட துண்டும், சாணை பிடித்த துண்டும் வரிசையாக இருந்தால்தான் வேலை கண்ணுக்குத் தெரியும். விலை வழிகாட்டியின் எந்தக் கட்டத்திலும் சேராத பொருள்கள் இவை.

ஒரு பழைய கத்தி கையில் வந்தால் நான் பிரிக்கும் விதம் இது. 18-ஆம் நூற்றாண்டின் குட்டைவால் கத்தி, செய்தவர் பெயர் தெளிவாக உள்ளது, முழு ஏழுநாள் பெட்டி, அசல் பொறிப்பும் தங்கப்பூச்சும் கலையாதது: இவற்றைக் கல்லின் பக்கம் கொண்டுபோக மாட்டேன். எண்ணெய் தடவி, பிடி செல்லுலாய்டு என்றால் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுபடும்படி வைப்பதோடு சரி. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட சோலிங்கன் கத்தி, பெயர் அழிந்த ஷெஃபீல்டுக் கத்தி: இவற்றைத் தீட்டவேண்டும், மழிக்கவேண்டும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வெட்டும் மஞ்சள் கோட்டிக்யூல் கல்லில், அதிலுள்ள கார்னெட் துகள்கள் எழுப்பும் பால்போன்ற குழம்பில், இவை மீண்டும் கூர் ஏறுவதைப் பார்ப்பது பெரிய இன்பம்.

நடுவில் உள்ளவைதான் தொல்லை: நல்ல முத்திரை, நல்ல முதுகு, ஒருமுறைகூடக் கல் படாத வாய். முதல் தீட்டலிலேயே முதுகில் அந்தப் பட்டை விழுந்துவிடும். அதைத் திரும்ப அழிக்கமுடியாது. இதற்குத் தீட்டுகிறவர்கள் கண்டுபிடித்த வழி, முதுகின்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவை ஒரு சுற்று ஒட்டிக்கொள்வது. முதுகு கல்லில் படாது, மெருகு போகாது. நாடாவின் தடிமன் இரு பக்கமும் சேர்த்து 0.3 மில்லிமீட்டர் என்றால், நாம் முதலில் பார்த்த 17 மில்லிமீட்டர் அலகில் கோணம் ஒரு பாகை கூடும். முகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இதே நாடாவை ஒவ்வொருமுறையும் ஒட்டித் தீட்டிக்கொண்டே போனால், முதுகு தேயாமல் வாய் மட்டும் தேய்ந்து, பல ஆண்டுகளில் கோணம் மெல்ல மெல்ல அகலும். ஆகவே நாடா ஒட்டித் தீட்டும் கத்தியின் அகலத்தையும் முதுகின் தடிமனையும் முதல் நாளே அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.